இளங்கலையிலேயே ஆய்வு: ஹானர்ஸ் ஆய்வேடும் அதன் நெறியாளரும்

1977-ல் நியூயார்க் நகரில் சிட்டிகார்ப் கட்டடம் திறக்கப்பட்டது. 59 மாடி. மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால், கட்டடத்தைத் தாங்கும் பெருந்தூண்களை மூலைகளில் வைக்காமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிறுத்தியிருந்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பொறியியல் படித்துக்கொண்டிருந்த டயான் ஹார்ட்லி இந்தக் கட்டடத்தைத் தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். காற்று ஒரு முகத்தில் நேராக மோதினால் என்ன ஆகும் என்பதோடு நிற்காமல், மூலையில் சாய்வாக மோதினால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டார். சாய்வுக் காற்றில் அழுத்தம் கூடுதலாக வந்தது. வடிவமைத்த நிறுவனத்திடமே கேட்டார். கட்டடம் போதிய வலுவோடு இருக்கிறது என்று பதில் வந்தது. அதை ஏற்றுக்கொண்டு 1978-ல் ஆய்வேட்டை முடித்தார்.

அதே ஆண்டில், ஒரு மாணவர் கேட்ட கேள்வியால்தான் மறுபடி கணக்குப் பார்த்ததாக அந்தக் கட்டடத்தின் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷரியர் பின்னாளில் சொன்னார். பற்றவைத்திருக்க வேண்டிய இணைப்புகளை போல்ட் போட்டு முறுக்கியிருந்தது அப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது பெரும்புயலில் கட்டடம் நிற்குமா என்ற பயம் வந்தது. இரவு நேரங்களில் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து இணைப்புகளைப் பலப்படுத்தினார்கள். இந்தக் கதை பரவலாக வெளியே தெரிய 1995 ஆயிற்று. கேள்வி கேட்ட மாணவர் ஹார்ட்லிதானா, அக்கம்பக்கத்துக் கல்லூரியில் படித்த இன்னொருவரா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. யாராக இருந்தாலும் கேட்டது ஒரு இளங்கலை மாணவர். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

அமெரிக்காவில் ஹானர்ஸ் படிப்பு, அதாவது வழக்கமான பட்டத்தைவிட ஆழமாகப் படிக்கும் இளங்கலைப் படிப்பு என்றாலே பெரும்பாலும் இப்படியொரு ஆய்வேடு வந்துவிடும். மாணவரே கேள்வியை எடுக்க வேண்டும், ஓராண்டுக்கு மேல் அதோடு மல்லுக்கட்ட வேண்டும், ஒரு பேராசிரியர் நெறியாளராகக் கூடவே இருப்பார். நம்மூரில் இதைப் பற்றிப் பேசும்போது ‘சுயமாக ஆய்வு செய்வது’ என்ற பாதி மட்டும்தான் காதில் விழுகிறது. தனியாக விட்டுவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும் என்று நினைக்கிறோம். என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உயிர் மற்ற பாதியில் இருக்கிறது. ஒழுங்கான மேற்பார்வை கிடைக்கும் இடத்தில்தான் மாணவர் சுயமாக யோசிக்கப் பழகுகிறார்.

இது எப்படி வந்தது என்று பார்த்தாலே விளங்கும். பென்சில்வேனியாவில் உள்ள சிறிய கல்லூரியான ஸ்வார்த்மோருக்கு 1921-ல் தலைவராக வந்தவர் ஃப்ராங்க் அய்டலாட். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அங்கே மாணவர் கட்டுரை எழுதிக்கொண்டு போய் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து வாசிப்பதையும், வரிக்கு வரி கேள்வி கேட்கப்படுவதையும் அனுபவித்தவர். 1922-ல் ஸ்வார்த்மோரில் ஹானர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். கடைசி இரண்டு ஆண்டுகள் சிறு குழுக்களாகக் கருத்தரங்கில் படிக்க வேண்டும். முடிவில் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. ஆனால் தேர்வு வைப்பவர்கள் வெளிக்கல்லூரிகளிலிருந்து வருவார்கள். வெளித்தேர்வாளர் நமக்கும் பழக்கமானவர்தான், பிராக்டிகல் தேர்வுக்கு வந்துபோவார். அய்டலாட் செய்ததில் நுட்பமான விஷயம் வேறு. மதிப்பெண் போடுகிறவர் வெளியாள் என்று ஆனவுடன், பாடம் சொல்லித் தருபவரும் மாணவரும் ஒரே பக்கம் வந்துவிடுகிறார்கள். மாணவர் தன் அரைகுறை யோசனையை ஆசிரியரிடம் பயமில்லாமல் காட்டலாம். நல்ல மேற்பார்வைக்கு முதல் தேவை இந்தப் பயமின்மை.

அது சின்னக் கல்லூரியின் கதை. முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இதை எப்படிச் செய்வது? 1950-களில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜோசப் கோஹன் இதற்காக நாடு முழுக்க அலைந்தார். 1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும், கெட்டிக்கார மாணவர்களை நாம் சரியாக வளர்க்கவில்லையோ என்ற கவலை அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. அந்த வேகத்தில் பல பல்கலைக்கழகங்களில் ஹானர்ஸ் திட்டங்கள் முளைத்தன. 1960-ல் ஓரிகான் பல்கலைக்கழகம் பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு ஹானர்ஸ் கல்லூரியைத் தொடங்கியது. 1966-ல் தேசிய ஹானர்ஸ் கவுன்சில் உருவானது. 1988-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஹானர்ஸ் கல்லூரி இன்று பாரெட் என்ற பெயரில் நாட்டின் மிகப் பெரிய ஹானர்ஸ் கல்லூரிகளில் ஒன்றாக இருக்கிறது. சிறு வகுப்புகள், முன்கூட்டியே பாடம் தேர்ந்தெடுக்கும் சலுகை, தனி விடுதி எல்லாம் பல ஹானர்ஸ் கல்லூரிகளில் உண்டு. விளம்பரத் தாள்களில் அவைதான் பெரிதாக வரும். ஓரிகானிலும் பாரெட்டிலும் ஹானர்ஸோடு பட்டம் வாங்க வேண்டுமானால் ஆய்வேடு முடித்தாக வேண்டும்.

அறிவியல் பக்கம் இன்னொரு ஓடை ஓடியது. போலராய்ட் நிறுவனத்தை உருவாக்கிய எட்வின் லேண்ட் 1957-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் பேசும்போது, முதலாண்டில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஒரு ஆய்வு வேண்டும் என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1969-ல், மார்கரெட் மக்விகார் என்ற இளம் இயற்பியலாளர் அதைச் செயலாக்கினார். இளங்கலை ஆய்வு வாய்ப்புத் திட்டம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் ‘யூரோப்’ (UROP) என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தத் திட்டத்தில் இளங்கலை மாணவர் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் கிரெடிட்டுக்காகவும் வேலை செய்யலாம், சம்பளத்துக்காகவும் செய்யலாம். சம்பளம் என்ற இந்தச் சின்ன ஏற்பாட்டைப் பிறகு பார்ப்போம்.

சரி, ஒரு மாணவர் உள்ளே நுழைந்தால் என்ன நடக்கும்? பெரும்பாலான இடங்களில் மூன்றாம் ஆண்டிலேயே வேலை தொடங்கிவிடும். நெறியாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆய்வேட்டைப் படித்து மதிப்பிட இரண்டாவது வாசகர் ஒருவரும் வேண்டும். என்ன கேள்வி, ஏன் முக்கியம், எப்படிப் பதில் தேடப்போகிறேன் என்று சில பக்கங்களில் முன்வரைவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான்காம் ஆண்டின் இரண்டு பருவமும் ஆய்வுக்கு. கடைசியில் குழுவின் முன் உட்கார்ந்து ஆய்வேட்டை விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நம் வைவா மாதிரிதான்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கேள்வியை வெட்டிச் சிறிதாக்கும் கட்டம். இருபது வயதில் எல்லோருக்கும் பெரிய கேள்விதான் வரும். அரிசோனாவில் படிக்கும் ஒரு மாணவி, ‘பருவநிலை மாற்றம் ஏழைகளை எப்படிப் பாதிக்கிறது’ என்று எழுதிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே கட்டிய மாணவி இவர். நல்ல மனசோடு கேட்ட கேள்வி, ஆனால் ஓராண்டில் ஒருவரால் பதில் சொல்ல முடியாது. நல்ல நெறியாளர் அதைத் தட்டிக்கழிக்க மாட்டார். ‘எந்த ஊர்?’ என்பார். பீனிக்ஸ். ‘எந்தப் பாதிப்பு?’ வெப்பம். 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். ‘அந்த வெயிலில் யார் வெளியே நின்றாக வேண்டும்?’ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். ‘அப்படியானால் ஒரு பஸ் தடத்தை எடு. எத்தனை நிறுத்தத்தில் கூரை இருக்கிறது, பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கூரையின் நிழல் இருக்கைமேல் விழுகிறதா, தள்ளிப்போய் விழுகிறதா?’

பருவநிலை மாற்றத்தில் தொடங்கி ஒரு இருக்கையின் மேல் விழும் நிழலுக்கு வந்தாயிற்று. முதல் தடவை கேட்கும்போது மாணவிக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்குத்தான் அவரால் உண்மையாகப் பதில் சொல்ல முடியும். ஒரு தெர்மாமீட்டரும் மடக்கு நாற்காலியும் போதும், போய் அளந்துவிடலாம். கூரை அமைத்தவர்கள் சூரியன் போகும் திசையைக் கணக்கில் எடுத்தார்களா என்று நகராட்சியின் வரைபடத்தை வைத்துக் கேட்கலாம். ஹார்ட்லி செய்ததும் இதைத்தான். உயரமான கட்டடங்கள் எல்லாவற்றையும் பற்றி எழுதியிருந்தால் அவர் மூலைக் காற்றைத் தொட்டிருக்கவே மாட்டார்.

இந்தச் சுருக்கும் வேலையை மாணவர் தனியாகச் செய்வது மிகக் கடினம். எது ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது, எதற்குத் தரவு கிடைக்கும், எது மூன்று மாதத்தில் முடியும், எது மூன்று வருடம் இழுக்கும் என்பதெல்லாம் அந்தத் துறையில் பல வருடம் உழன்றவருக்குத்தான் தெரியும். அதே சமயம் நெறியாளரே தலைப்பைக் கையில் கொடுத்துவிட்டால் மாணவர் வெறும் உதவியாளராகிவிடுவார். ஆய்வுக்கூடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. பேராசிரியர் வாங்கிய நிதி ஒரு குறிப்பிட்ட வேலைக்கானது, அதில் ஒரு துண்டை மாணவருக்குத் தருகிறார். தவறில்லை, இரசாயனத்திலோ உயிரியலிலோ இளங்கலை மாணவர் தன் விருப்பத்துக்கு ஒரு கருவியை இயக்கிவிட முடியாது. ஆனால் அந்தத் துண்டுக்குள்ளேயாவது ஒரு ‘ஏன்’ மாணவருடையதாக இருக்க வேண்டும். இலக்கியம், வரலாறு பக்கம் நிலைமை தலைகீழ். தலைப்பு முழுக்க மாணவருடையது, துணைதான் குறைவு. நூலக அடுக்குகளுக்கு நடுவே மாதக்கணக்கில் ஒருவர் தொலைந்துபோக முடியும்.

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பெயர் பெற்ற பேராசிரியர் பின்னால் எல்லோரும் ஓடுகிறார்கள். அவர் பாதி நாள் விமானத்தில் இருப்பார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் உங்களுக்குச் சொல்லித்தரப்போவது ஒரு முனைவர் பட்ட மாணவராகத்தான் இருக்கும், அவர் யார் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வாரம் அரை மணி நேரம் தவறாமல் தரக்கூடிய, பெயர் அதிகம் வெளியே தெரியாத உதவிப் பேராசிரியர் பல சமயம் மேலானவர். அணுகும்போது நீளமான புகழுரையோடு மின்னஞ்சல் போட வேண்டாம். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு உண்மையிலேயே விளங்காத ஒரு இடத்தைக் கேளுங்கள். பதில் வருவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் நம் பிள்ளைகளுக்கென்று ஒன்று. ‘சார்’, ‘மேடம்’ என்று எழுந்து நின்று பழகியவர்கள் அங்கே போய் நெறியாளர் முன் மௌனமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலை நகராத வாரத்தில் சந்திப்பையே தள்ளிப்போடுகிறார்கள். முழுதாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்ற மரியாதை கலந்த தயக்கம் அது. அங்கே அந்த மௌனம் மரியாதையாகத் தெரியாது, அக்கறையில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மோசமாக எழுதிய ஒரு பக்கத்தோடு போகிறவர், ஒன்றும் எழுதாமல் நல்ல யோசனையோடு போகிறவரைவிட வேகமாக முன்னேறுவார். நெறியாளரால் திருத்த முடிவது தாளில் இருப்பதைத்தான்.

மனிதர்களிடம் கேள்வி கேட்டுத் தகவல் திரட்டும் ஆய்வென்றால் இன்னொரு கதவு இருக்கிறது. நம் பஸ் நிறுத்த மாணவி காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்து அதை ஆய்வில் சேர்க்க நினைத்தால், முதலில் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும். அங்கே ஐ.ஆர்.பி. என்பார்கள். இந்தக் குழுக்கள் வெறும் காகிதச் சடங்குக்காக வந்தவை அல்ல. அலபாமாவின் டஸ்கிகீ பகுதியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவத் துறை பார்த்துக்கொண்டிருந்தது. அது அம்பலமான பிறகு, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை ஒழுங்குபடுத்த 1974-ல் சட்டம் வந்தது, அத்தகைய ஆய்வுக்கான நெறிகளை வகுத்த பெல்மாண்ட் அறிக்கை 1979-ல் வந்தது. ஒரு இளங்கலை மாணவரின் பத்துக் கேள்வி கொண்ட படிவம்கூட அந்த வரலாற்றின் கீழ்தான் வருகிறது. ஆபத்தில்லாத ஆய்வுக்குக் குழுவின் முழுப் பரிசீலனை தேவைப்படாமல் போகலாம். ஆனால் தேவையில்லை என்று மாணவரே தீர்மானித்துக்கொள்ள முடியாது. ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம், ஒப்புதலுக்கு முன் வாங்கிய பேட்டிகளை ஆய்வில் சேர்க்கவும் முடியாது. நான்காம் ஆண்டு தொடங்கிய பிறகு இதை நினைவுகூர்பவர்களின் அட்டவணை கலைந்துபோகிறது.

எதிர்பார்த்த முடிவு வராவிட்டால்? ஹானர்ஸ் ஆய்வேட்டில் அது தோல்வியில்லை. எப்படிச் செய்தேன், ஏன் வரவில்லை என்று நேர்மையாக எழுதினால் நல்ல மதிப்பெண்ணே கிடைக்கும். இதைச் சொல்லும்போது நம்மூரின் இறுதியாண்டுப் பிராஜெக்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் தயார் நிலையில் பிராஜெக்ட் விற்கும் கடைகள் எத்தனை! பைண்டிங் உட்பட எல்லாம் முடித்துக் கையில் தந்துவிடுகிறார்கள். மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு ஆசிரியர் தலையில் ஏகப்பட்ட பேரைக் கட்டிவிட்டு, வேலை செய்கிற முடிவு இருந்தால்தான் மதிப்பெண் என்று சொன்னால் கடை முளைக்கத்தான் செய்யும். வாரா வாரம் ஒருவர் உட்கார்ந்து ‘போன வாரம் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் விலைக்கு வாங்கிய ஆய்வு இரண்டாவது வாரத்திலேயே பிடிபட்டுவிடும். எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட இன்றைக்கும் இந்த வழி செல்லும்.

பணத்துக்கு வருவோம். சம்பளமில்லாமல் ஆய்வுக்கூடத்தில் வாரம் பத்து மணி நேரம் செலவிட எல்லா மாணவராலும் முடியாது. உணவகத்தில் தட்டுக் கழுவி வாடகை கட்டும் மாணவருக்கு அந்தப் பத்து மணி நேரம் ஒரு வாரச் சாப்பாடு. அதனால்தான் எம்.ஐ.டி. திட்டத்தின் சம்பள ஏற்பாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1986-ல் சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த இயற்பியலாளர் ரொனால்ட் மெக்நேர் பெயரில் மத்திய அரசு நடத்தும் திட்டம், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் ஏழை மாணவர்களுக்கு ஆய்வு வாய்ப்பும் உதவித்தொகையும் தருகிறது. தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் கோடைகால ஆய்வு இடங்களுக்கு நிதி தருகிறது. ஆனால் இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போனவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறக்கட்டளையின் அந்தக் கோடை நிதி குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். உங்கள் சொந்தப் பல்கலைக்கழகம் தரும் நிதியைத்தான் தேட வேண்டும். பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற விசா விதி, சம்பளம் வாங்கும் ஆய்வு வேலைக்கும் பொருந்தும்.

இந்தியாவிலும் இப்போது இதே பாதை திறந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரையறைப்படி, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வை எடுத்து ‘ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ்’ பட்டம் வாங்கலாம். ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட். தமிழ்நாட்டின் அரசுக் கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பே தொடர்கிறது. எந்த வடிவமாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: ஒரு நெறியாளரிடம் எத்தனை மாணவர்? வாரம் பதினாறு மணி நேரம் பாடம் எடுத்து, விடைத்தாள் திருத்தி, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ (NAAC) குழுவின் ஆய்வுக்குக் கோப்பும் தயாரிக்கிற ஆசிரியரிடம் இருபது பேரை ஒப்படைத்தால், 12 கிரெடிட்டும் பைண்டிங் கடைக்குத்தான் போகும்.

ஒரு காலத்தில் சென்னையிலேயே இது நடந்திருக்கிறது. 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். சாமர்ஃபெல்ட் எழுதிய அணு பற்றிய நூலைத் தானாகவே படித்து முடித்திருந்த பையன் அவர். அதன் பிறகு இயற்பியல் மாறிவிட்டது என்று சாமர்ஃபெல்ட் சொல்லி, உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதியிருந்த, அப்போது அச்சில் இருந்த கட்டுரையின் மெய்ப்புத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். எலக்ட்ரான்களைக் கணக்கிட அந்தத் தாள்களில் இருந்த புதிய புள்ளியியலைச் சந்திரசேகர் கற்று, எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரானில் மோதிச் சிதறும் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதி கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929-ல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே ஃபௌலரிடம் மாணவராகச் சேரக் கப்பலேறினார்.

சந்திரசேகரின் அறிவைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. இந்தக் கதையில் சாமர்ஃபெல்ட் செய்ததையும் ஃபௌலர் செய்ததையும் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒருவர் ஊர் பேர் தெரியாத மாணவனிடம் இன்னும் வெளிவராத தாள்களைத் தந்தார், மற்றவர் கடல் கடந்து வந்த தபாலைப் பிரித்துப் படித்தார். மாநிலக் கல்லூரியில் அன்று அவரோடு ஹானர்ஸ் படித்த மற்றவர்களுக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இன்று கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர், எந்த ஊரில் இருந்தாலும், இப்போதே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஹானர்ஸ் ஆய்வேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. உங்கள் துறையில் மூன்று நான்கை இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் நன்றியுரையைப் படியுங்கள், யார் எந்தக் கட்டத்தில் என்ன உதவி செய்தார்கள் என்று தெரியும். அப்புறம் ஆய்வின் வரம்புகள் என்று கடைசியில் வரும் பகுதி. ஒரு இளங்கலை மாணவர் எதை விட்டுவிட்டார், ஏன் விட்டார் என்று அதில் எழுதியிருப்பார். அந்த விட்டுப்போன இடங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் கல்லூரியில் அந்தப் பாடம் நடத்துபவரிடம் ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள்.